இரத்தக்குழாயின் வயதைச் சொல்லும் பரிசோதனை: புதுச்சேரி நிலையம் ஒன்றில் இரண்டு முறை படுத்து எழுந்த அனுபவம்

எனக்கு வயது 57. கடந்த ஆவணி மாதம், புதுச்சேரியில் உள்ள தனியார் பரிசோதனை நிலையம் ஒன்று என் இரத்தக்குழாய்களுக்கு 66 வயது ஆகிவிட்டது என்று வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, அதே கருவியில், அதே ஊழியர் மீண்டும் பார்த்தபோது அந்தக் குழாய்களுக்கு 51 வயது என்று வந்தது. இடையில் நான் மருந்தை மாற்றவில்லை, புதிதாக உடற்பயிற்சி தொடங்கவில்லை, அவர்கள் விற்ற மாவையும் கரைத்துக் குடிக்கவில்லை. பரிசோதனைக்கு நான் எந்த நிலையில் போய்ப் படுத்தேன் என்பது மட்டுமே மாறியிருந்தது. நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை. கைப்பக்குவம் உள்ள ஊழியர்கள் அங்கே இருக்கிறார்கள், குறை நடைமுறையில்தான் இருக்கிறது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஆறு வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என் தம்பி ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்து, "கொழுப்பு, சர்க்கரை எல்லாம் பழைய கணக்கு அக்கா, இது குழாயையே நேராப் பார்க்கிற டெஸ்ட்" என்று சொன்னான். கட்டணம் 2,400 ரூபாய். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கொழுப்பின் அளவு குழாய்க்கு என்ன நேரக்கூடும் என்பதைச் சொல்கிறது. இந்தப் பரிசோதனையோ, குழாய் இப்போது தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்கிறது. அந்த வேலை என்ன என்பது தெரியாமல் அறிக்கையைப் படித்தால், எண்ணைப் பார்த்துப் பயப்படவோ பூரிக்கவோ மட்டுமே முடியும்.

தமனியின் சுவரில் மென்தசை இருக்கிறது. அது சுருங்கினால் குழாய் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். எப்போது தளர வேண்டும் என்று அந்தத் தசைக்குச் சொல்வது, குழாயின் உட்புறத்தில் ஒற்றை உயிரணு கனத்தில் ஒட்டியிருக்கும் எண்டோதீலியம் என்னும் உட்படலம். இரத்தம் ஓடும்போது இந்தப் படலத்தை உரசிக்கொண்டே போகிறது. ஓட்டம் கூடினால் உரசல் கூடும். படலத்து உயிரணுக்கள் அதை உணர்ந்து, தம்மிடம் உள்ள ஒரு நொதியை முடுக்கி, அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு அடுத்திருக்கும் தசைக்குள் ஊடுருவி, அங்கே வளைய ஜிஎம்பி என்னும் பொருளைப் பெருக்க, தசைக்குள் கால்சியம் குறைந்து, பிடி தளர்கிறது. கெடிலத்தில் தண்ணீர் கூடினால் கரை அரிக்கப்பட்டுத்தான் ஆறு அகலமாகும். இங்கே கரையே ஓட்டத்தை உணர்ந்து, தானாக விலகி வழி விடுகிறது.

வகுப்பில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பற்றிச் சொல்லும்போது, புகைபோக்கியிலும் வாகனப் புகையிலும் வரும் நச்சு என்றுதான் பல வருடம் நடத்தியிருக்கிறேன். சில நொடிகளே தாக்குப்பிடிக்கும் அந்த வாயுவை உடல் தானே செய்து, தானே பயன்படுத்துகிறது என்பதை அறிவியல் உலகமும் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியை வெட்டியெடுத்துப் பல வருடங்களாகச் சோதித்துவந்தார். அதன்மீது அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை விட்டால் துண்டு சுருங்கும் என்பது அவருடைய வழக்கமான முடிவு. ஆனால் 1978-ல் உதவியாளர் ஒருவர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. காரணம் தேடியபோது தெரிந்தது இதுதான்: தமனியைச் சுருள் நாடாவாக வெட்டிய பழைய முறையில் அதன் உட்பக்கம் உரசித் தேய்ந்து, உட்படலம் உரிந்துபோயிருந்தது, வளையமாக வெட்டியபோது படலம் பிழைத்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்த சோதனையை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். படலம் உரிக்கப்பட்ட ஒரு துண்டை, படலம் உள்ள இன்னொரு துண்டோடு முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டினார். தனியாக இருந்தபோது தளர மறுத்த துண்டு, இப்போது தளர்ந்தது. படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் புறப்பட்டு, பக்கத்துத் தசைக்குப் போயிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜான் ஸவாட்ஸ்கியோடு சேர்ந்து 1980-ல் அவர் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடுதான் என்பதை 1987-ல் சால்வடோர் மொன்காடாவின் குழுவும், லூயிஸ் இக்னாரோவின் குழுவும் தனித்தனியே காட்டின. 1998-ன் மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்குப் போயிற்று. மொன்காடா விடுபட்டது நியாயமில்லை என்று அப்போது எழுந்த முணுமுணுப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு.

முராத்தின் பங்கு எங்கள் வீட்டுக்கு நெருக்கமானது. என் அப்பா கடைசிக் காலத்தில் சட்டைப் பையில், நைட்ரோகிளிசரின் வகையைச் சேர்ந்த சார்பிட்ரேட் மாத்திரையோடுதான் வெளியே கிளம்புவார். நெஞ்சு பிடித்தால் நாக்கின் அடியில் ஒன்று வைத்துக்கொள்வார். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினைக் கொடுக்கலாம் என்று வில்லியம் முர்ரெல் எழுதியது 1879-ல். வெடிமருந்து ஏன் வலியை ஆற்றுகிறது என்பது ஏறக்குறைய நூறு வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. அந்த வகை மருந்துகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிட்டுத்தான் வேலை செய்கின்றன என்பதை முராத் 1977-ல் காட்டினார். உட்படலம் செய்ய வேண்டியதை மாத்திரை வெளியிலிருந்து செய்துகொடுக்கிறது. டைனமைட் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினைப் பரிந்துரைத்தார்கள். இடையில் ஒரு எச்சரிக்கை: வயாகரா வகை மாத்திரை வளைய ஜிஎம்பி சிதைவதைத் தடுக்கிறது, சார்பிட்ரேட் அதைப் பெருக்குகிறது, இரண்டும் ஒன்றாக உள்ளே போனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். பையில் சார்பிட்ரேட் வைத்திருக்கும் ஆண்கள் வெட்கப்படாமல் இதை மருத்துவரிடம் பேச வேண்டும்.

இனி நிலையத்துக்கு வருகிறேன். முதல் முறை காலை இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டு, ஃபில்டர் காபி குடித்து, ஒன்பது மணிப் பேருந்தைப் பிடித்து, அரியாங்குப்பம் பாலத்தில் நெரிசலில் நின்று, வெயிலில் இறங்கி நடந்து போனேன். நிலையம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி அன்று ஓடவில்லை. மாடியேறி மூச்சு வாங்க நின்ற என்னை வரவேற்பில் இருந்தவர் பெயர், வயது, கைபேசி எண் கேட்டு, பணம் வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் உள்ளே அனுப்பிவிட்டார். காத்திருக்க வைக்காததற்காக அப்போது மகிழ்ந்தேன். அது மகிழ வேண்டிய விஷயமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அறை சுத்தமாக இருந்தது. படுக்கை விரிப்பை என் கண் முன்னே மாற்றினார்கள். ஸ்கேன் எடுத்தவர் இளம் பெண், பேச்சு மிருதுவானது. வலது கையை நீட்டச் சொல்லி, முழங்கைக்குக் கீழே பிரஷர் பட்டையைச் சுற்றினார். முழங்கைக்குச் சற்று மேலே குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியின் முனையை வைத்தார். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தண்டவாளம் போல இணையாகத் தெரிந்தன. நடுவில் இருந்த கறுப்பு இடைவெளிதான் என் மேற்கைத் தமனி. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தக் கோடுகள் மெல்ல விலகிச் சேர்வதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது சற்றுக் கூச்சமாகவும், கண்ணை எடுக்க முடியாததாகவும் இருந்தது. பிறகு பட்டையில் காற்றை ஏற்றினார். எனக்கு மேல் அழுத்தம் 138 என்பதால் 190 வரை ஏற்றி, ஐந்து நிமிடம் பிடித்து வைத்தார்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பிரசுரம் "சிறு அசௌகரியம்" என்கிறது. முதல் நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடத்தில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. மூன்றாவதில் உள்ளங்கை வெளுத்து, கை என்னுடையதல்லாத கனத்தோடு கிடந்தது. "கையை மட்டும் ஆட்டாதீங்கம்மா, ஆட்டினா மறுபடியும் முதல்லேர்ந்து" என்று அந்தப் பெண் இரண்டு முறை சொன்னார். பட்டையைத் தளர்த்தியதும், அடைத்து வைத்த மதகைத் திறந்தது போல, வெதுவெதுப்பு விரல் வரை இறங்கிற்று. பயப்படத் தேவையில்லை, பத்து நிமிடத்தில் கை பழையபடி ஆகிவிடும். கையை அசைக்காமல் வைத்திருக்க முடியாதவர்களுக்கு மட்டும் இது சிரமம்.

இந்தச் செய்முறையின் அழகு பட்டையின் இடத்தில் இருக்கிறது. அழுத்தப்பட்டது முழங்கைக்குக் கீழே, அளக்கப்படுவது மேலே. மேலே உள்ள தமனியை யாரும் நெருக்கவில்லை. பட்டையைத் திறந்ததும் பசித்துக் கிடந்த முன்கைக்கு இரத்தம் விரைகிறது. அந்த விரைவு மேலே உள்ள தமனியின் உட்படலத்தை உரசுகிறது. படலம் நலமாக இருந்தால் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் குழாயை விரியச் செய்கிறது. எவ்வளவு விரிந்தது என்பதைச் சதவீதமாகச் சொல்கிறார்கள். 1992-ல் டேவிட் செலர்மேயரும் உடன் பணியாற்றியவர்களும் இந்த முறையை அறிமுகப்படுத்தினார்கள். கத்தி, ஊசி இல்லாமல் உட்படலத்தை விசாரிக்க வழி கிடைத்தது அப்போதுதான். பட்டையை முழங்கைக்கு மேலே கட்டினால், அளக்கும் இடத்தில் வேறு காரணங்களும் கலந்துவிடும். அந்தப் பெண் அதைச் சரியாகச் செய்தார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய வண்ண வட்டமும், நடுவில் 66 என்ற எண்ணும், கீழே "எச்சரிக்கை" என்ற சொல்லும் இருந்தன. விட்டம் எவ்வளவு மாறிற்று என்று கேட்டபோது, மேலாளரிடம் கேட்டு இரண்டாவது பக்கத்தை எடுத்துத் தந்தார்கள். முன்பு 4.1 மில்லிமீட்டர், பின்பு 4.2 மில்லிமீட்டர். அதாவது 2.4 சதவீத விரிவு. என் கழுத்தில் தொங்கவிட்டிருந்த 66 வயது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பிறந்திருக்கிறது. ஊழியரின் கை மயிரிழை நகர்ந்தாலோ, கோட்டின் விளிம்பைக் கருவி சற்றுத் தள்ளிக் குறித்தாலோ, அந்தப் பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும் அல்லது இரட்டிக்கும். ஒரே ஒரு முறை அளந்து, அதிலிருந்து ஒருவருடைய வயதைக் கணிப்பது, சமையலறைத் தராசில் தங்கத்தை எடை போடுவதற்குச் சமம்.

கருவியின் நுணுக்கத்தை விடப் பெரிய கோளாறு ஆயத்தத்தில் இருந்தது. இந்தப் பரிசோதனையை ஆய்வுகளில் நடத்துபவர்கள், பல மணி நேரம் வெறும் வயிறு, காபி, தேநீர், புகையிலை விலக்கு, உடற்பயிற்சி விலக்கு, மிதமான குளிருள்ள அமைதியான அறையில் படுத்து ஓய்வு என்று வரிசையாக நிபந்தனை வைக்கிறார்கள். அவையெல்லாம் சடங்கல்ல. கொழுப்பு மிகுந்த ஒரே ஒரு வேளைச் சாப்பாடு சில மணி நேரத்துக்கு இந்த விரிவைக் குறைக்கும் என்பதை 1997-லேயே காட்டியிருக்கிறார்கள். வடையும் காபியும் வயிற்றில் இருக்க, மூன்று மாடி ஏறி வந்து, ஏசிக்கு நேர் கீழே நடுங்கிக்கொண்டு படுத்த என்னிடம் இவர்கள் கேட்ட ஒரே கேள்வி, பணமாகவா கார்டாகவா என்பதுதான்.

பரிசோதனையின் இறுதியில் நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் கொடுத்து மறுபடி அளக்கும் படியையும் விட்டுவிட்டார்கள். அந்தப் படி உட்படலத்தைத் தாண்டி நேரே தசையைச் சோதிக்கிறது. அதற்கும் விரியாவிட்டால் குறை தசையில். அதற்கு விரிந்து, உரசலுக்கு விரியாவிட்டால் குறை படலத்தில். அது இல்லாமல் "உங்கள் உட்படலம் பழுது" என்று எழுதுவது, ஒலிபெருக்கியைச் சோதிக்காமலே பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்வதைப் போன்றது. தலைவலியும் அழுத்தச் சரிவும் வரலாம் என்பதால் மருத்துவர் உடனில்லாமல் அந்த மருந்தைக் கொடுக்காதது சரிதான். அப்படியானால் அறிக்கையின் வாசகமும் அடக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை போக வேண்டும் என்பது என் பிடிவாதம். தம்பி, "மறுபடியும் 2,400 தண்டம்" என்று தலையில் அடித்துக்கொண்டான். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலையில் தண்ணீர் மட்டும் குடித்து, முதல் ஆளாக ஏழரை மணிக்குப் போனேன். மின்தூக்கி ஓடிற்று. படுக்கையில் கால் மணி நேரம் ஓய்வாகக் கிடக்க வேண்டும், ஏசியைக் குறைக்க வேண்டும், இரண்டு முறை அளக்க வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். "யாரும் இப்படிக் கேட்டதில்லைம்மா, படிச்சப்ப இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். இந்த முறை 4.0 மில்லிமீட்டர் 4.3 ஆயிற்று, 7.5 சதவீதம். மேலாளர் இடையில் எட்டிப் பார்த்து அடுத்தவர் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டதால், இரண்டாவது அளவை எடுக்க முடியவில்லை. ஆகவே 51 வயது என்ற எண்ணையும் நான் நம்பவில்லை. அது எனக்குப் பிடித்த எண் என்பது வேறு.

இந்தப் பரிசோதனை பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உட்படலம் சோர்ந்தவர்களின் குழாய் குறைவாகவே விரிகிறது என்பதும், புகைப்பவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் அடைப்பு வருவதற்கு முன்பே இது தெரிகிறது என்பதும் உறுதியான அறிவு. பல பேரைச் சேர்த்து ஒப்பிடும் ஆய்வுக்கு இது நல்ல கருவி. தனி ஒருவரின் தலைவிதியைச் சொல்ல அது போதாது. 2010-ல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய்க்குறி இல்லாதவர்களின் இதய ஆபத்தைக் கணிக்க இதைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்று நேராகவே சொல்லிவிட்டது. பிரசுரத்தில் அந்த வரிக்கு இடமில்லை.

அடுத்து அந்த மாவு. முதல் முறை எச்சரிக்கை அறிக்கையோடு வெளியே வந்தவுடன், பில் கவுண்டரில் இருந்தவர் 1,150 ரூபாய்க்கு ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "இது நைட்ரிக் ஆக்ஸைடை ஏத்தும் மேடம், மூணு மாசத்துல வயசு குறையும்" என்றார். டப்பாவில் இருந்தது அர்ஜினினும் பீட்ரூட் தூளும். அர்ஜினினிலிருந்துதான் நைட்ரிக் ஆக்ஸைடு வருகிறது என்பது சரி. ஆனால் அந்த நொதி நிறைவாக வேலை செய்யத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு அர்ஜினின் நம் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நிரம்பி வழியும் குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதால் குழாயடியில் யாருக்கும் லாபமில்லை. குறை பெரும்பாலும் மூலப்பொருளில் இருப்பதில்லை. நொதி தடுமாறுவதிலோ, உண்டான வாயுவைப் புகையும் சர்க்கரையும் பெருக்கும் சூப்பர் ஆக்ஸைடு என்னும் துடிப்பான ஆக்ஸிஜன் வடிவம் விழுங்கிவிடுவதிலோ இருக்கிறது. மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு அர்ஜினின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அதைச் சாப்பிட்ட பிரிவில் 6 பேர் இறந்தார்கள், வெற்று மருந்துப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. குழாயின் தன்மையும் மேம்படவில்லை. 2006-ல் வெளியான அந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அப்பா உயிரோடு இருந்து இந்த டப்பாவை அவர் கையில் கொடுத்திருந்தால் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது.

அர்ஜினின்தான் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையில், 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் இருக்கிறது. பீட்ரூட்டின் கதை வேறு, அதில் சரக்கு உண்டு. அதன் நைட்ரேட்டை உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாய்க்குக் கொண்டுவர, நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, அது உள்ளே போய் நைட்ரிக் ஆக்ஸைடாகிறது. இந்த வழிக்கு உட்படலத்தின் நொதியே தேவையில்லை. கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் வாய் கொப்பளிப்பவர்களுக்கு இந்தப் பாதை அடைபடும் என்பது கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. பீட்ரூட்டும் கீரையும் பெரிய மார்க்கெட்டில் கிடைக்கின்றன. டப்பாவின் விலைக்கு ஒரு மாதத்துக்கு மேல் வாங்கலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஊழியரின் கைத்திறனுக்கும் சுத்தத்துக்கும் ஐந்துக்கு நாலு, ஆயத்தத்துக்கு ஒன்று, அறிக்கையின் முதல் பக்கத்துக்கும் டப்பாவுக்கும் சுழியம். அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் இன்னும் பார்த்திராதவர்கள் அவற்றை முதலில் பார்த்துவிடட்டும். கடலூர் அரசு மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருந்தும் போகத்தான் வேண்டும் என்றால், காலை முதல் நேரத்தைக் கேட்டு, வெறும் வயிற்றோடு, மின்தூக்கி ஓடுகிறதா என்று தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் காட்டும் இரண்டாவது பக்கத்தைக் கேட்காமல் தர மாட்டார்கள். பணம் கட்டும்போதே கேட்டு வைத்தால், மேலாளர் வரும்வரை நிற்க வேண்டியிருக்காது.